கிணற்றைப் பார்த்து விதை போடுங்கள்

எங்கள் ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. ஆனால் நீர்வேலியில் ஆறு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மற்ற ஊர்களைப் போல எங்களுக்கும் கிணறுதான் கதி. மாரியில் பெய்கிற மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீரை அள்ளித்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம், பயிருக்கும் இறைக்கிறோம். நீர்வேலி வாழைக்குலைக்குச் சந்தையில் உள்ள மதிப்பும் அந்தத் தண்ணீரால் வந்ததுதான்.

ஆனால் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அல்ல. என்னைப் போன்றவர்கள் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்கள். எங்களுக்கென்று இருப்பது வீட்டு வளவு மட்டுமே. எனக்கு இரண்டு பரப்புக் காணி. வீடும் கிணறும் மலசலகூடமும் போக மிச்சம் இருக்கிற நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் சொல்லித் தந்தார். அதை என்னைப் போன்ற சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்தது 2018ஆம் ஆண்டில். நுண்கடன் எங்கள் பெண்களின் கழுத்தை இறுக்கிய காலம் அது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் தீர்மானித்ததும் அந்த ஆண்டில்தான். அப்படியிருந்தும் குழுவாகச் சேர்ந்து கடன் எடுத்து, குத்தகைக் காணியில் சின்ன வெங்காயம் வைக்கலாம் என்று எங்களில் ஐந்து பேர் பேசிக்கொண்டிருந்தோம். அதைப் பற்றி அவரிடம் கேட்டோம்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கணக்குத்தான் கேட்டார். "அக்கா, வெங்காயம் பிடுங்க இரண்டரை மாதம் வேணும். தவணைக்காரர் ஏழாம் நாளே வந்திடுவினம். இடையில எதை வித்துக் கட்டுவியள்?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. பயிருக்கு ஒரு பருவம், கடனுக்கு இன்னொரு பருவம். இரண்டும் ஒத்துவராவிட்டால் நடுவில் நிற்கிற பெண்தான் முறிந்துபோவாள். அன்றைக்கு அந்தக் கடன் பேச்சு நின்றது. அடுத்த கிழமை அவர் ஒவ்வொரு வளவாக வந்தார்.

இருபது வாளித் தோட்டம்

எங்கள் வளவுக்கு வந்தவர் மண்ணைப் பார்க்க முதல் கிணற்றை எட்டிப் பார்த்தார். எங்களுடையது கப்பிக் கிணறு. நீரிறைக்கும் இயந்திரம் இல்லை.

"வேலையால வந்து பின்னேரம் எத்தனை வாளி அள்ளுவியள்?"

"இருபது அள்ளலாம் மிஸ். அதுக்கு மேல நாரி பிடிச்சிடும்."

"அப்ப உங்களுக்கு இருபது வாளித் தோட்டம்தான். மிச்சக் காணியை மழைக்கு விடுவம்."

விளக்கமும் சொன்னார். கோடை வெயிலில் ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்கு ஐந்து, ஆறு லீற்றர் தண்ணீர் வேண்டும். பத்து லீற்றர் வாளியில் இருபது வாளி என்றால் 200 லீற்றர். அது முப்பது, முப்பத்தைந்து சதுர மீற்றருக்குத்தான் காணும்; அதாவது ஒரு பேர்ச்சை விடக் கொஞ்சம் கூட. அதற்கு மேல் கோடையில் பாத்தி போட்டால் பாதித் தண்ணீரில் எல்லாப் பயிரும் வாடும். மாரியிலும் அதன் பின்வரும் பனிக்காலத்திலும் தோட்டத்தைப் பெருப்பிக்கலாம், கோடையில் சுருக்கவேண்டும். "கிணத்தைப் பார்த்து விதை போடுங்கோ" என்று அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

அதோடு ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதச் சொன்னார். எந்த மாதத்தில் சந்தையில் மரக்கறி விலை ஏறும், எந்த மாதத்தில் எனக்குக் கூலிவேலை குறையும், எந்த மாதத்தில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்துச் செலவு வரும் என்று குறித்தோம். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. மழையால் வேலை இல்லை. கந்தசஷ்டி விரதத்தால் மரக்கறிக்குக் கிராக்கி. வெள்ளம் நின்றால் தோட்டங்களிலிருந்து மரக்கறி வராது. அந்த மாதங்களுக்கு என்ன வேண்டும் என்று வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி விதைக்கும் நாளைக் குறித்தோம். கீரைக்கு மூன்று நான்கு கிழமை. வெண்டிக்கு ஒன்றரை மாதம். பயிற்றைக்கு ஒன்றரை முதல் இரண்டு மாதம். கத்தரி, நட்டபின் இரண்டு மாதத்துக்கு மேல். மரவள்ளிக்கு எட்டு முதல் பத்து மாதம். இந்த எண்கள் தெரிந்தால் போதும், யார் வீட்டுக்கும் ஒரு நாட்காட்டி போடலாம்.

மாரிக்கு முன்

எங்கள் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். அதனால் தோட்டத்துக்கு வருடம் பிறப்பது சித்திரையில் அல்ல, ஆவணியில் என்று போதனாசிரியர் சொல்வார். ஆவணி, புரட்டாதியில் பாத்திகளை ஓரடி உயர்த்திப் போடவேண்டும். பூவரசு, கிளிசறியா, காவிளாய் ஆகியவற்றின் குழைகளை வெட்டி மண்ணுக்குள் தாழ்க்கலாம். பழைய பனையோலையைத் தாழ்ப்பது எங்கள் பெரியவர்கள் செய்துவந்ததுதான். அது மெதுவாக உக்கி மண்ணின் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

புரட்டாதி முதல் மழையோடு பாகல், புடோல், அவரை, பீர்க்கு ஆகியவற்றை வேலியோரம் ஊன்றிவிட்டால் அவற்றுக்கு மழையே தண்ணீர் ஊற்றும். முருங்கைக் கதியாலும் வேலிக் கதியாலும் நடுவதற்கு அதுவே நேரம். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுமேடையை ஐப்பசியில் கிடுகுப் பந்தலின் கீழ் போடவேண்டும். அடைமழை நேரடியாக விழுந்தால் நாற்று அடியில் அழுகிச் சரிந்துவிடும்.

கடும் மழையில் பாத்தி மரக்கறி நிற்காது. அந்த இரண்டு மாதத்துக்குக் கைகொடுப்பவை, முந்திய மாரி ஓயும் மார்கழியில் நட்ட மரவள்ளியும், கோடையில் பறித்து வைத்த பூசணிக்காயும், தானாக முளைக்கும் இலைவகைகளுமே. முசுமுசுக்கை, தூதுவளை, குறிஞ்சா, முடக்கொத்தான், சாரணை எல்லாம் மாரியில் வேலியெங்கும் படர்ந்து நிற்கும். "வாங்கின மரக்கறிதான் கறி எண்டு ஆர் சொன்னது?" என்று போதனாசிரியர் கேட்டபோது என் மாமியார் சிரித்துவிட்டார். அவருக்கு அது புதிதல்ல.

பனிக்காலம்

மார்கழி நடுப்பகுதியில் மழை ஓயும்போது நாற்றுகளைப் பிடுங்கி நடுவோம். மார்கழியிலிருந்து பங்குனி வரைதான் எங்கள் மண்ணுக்குப் பொற்காலம். கிணற்றில் நீர் மேலே நிற்கும், வெயில் கடுமையில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், பீற்றூட், கோவா, சின்ன வெங்காயம் எல்லாம் வரும். கத்தரியில் 'திருநெல்வேலி ஊதா' என்ற இனம் எங்கள் மண்ணுக்குப் பழகியது. திருநெல்வேலி என்பது இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிதான்.

ஆனால் எல்லா விதையையும் ஒரே நாளில் போடக்கூடாது. இது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம். ஒரே நாளில் போட்டால் ஒரே கிழமையில் காய்த்துத் தள்ளும். அந்த நேரம் சந்தையிலும் மலிந்து கிடக்கும். பிறகு ஒன்றும் இருக்காது. பயிற்றை விதையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைப்பிடி, கீரை விதையைக் கிழமைக்கு ஒரு முழப் பாத்தி என்று போட்டால் கறிச்சட்டிக்குத் தினமும் ஏதாவது கிடைக்கும்.

பூச்சிக்கு முதல் மருந்து கைதான். கத்தரியில் வாடித் தொங்கும் குருத்துக்குள் புழு இருக்கும். அதைக் கிள்ளி எரித்துவிட வேண்டும். பாகல், புடோல் பிஞ்சைக் கடதாசியால் சுற்றிக் கட்டினால் பழ ஈ குத்தாது. வெண்டியில் இலை நரம்பு மஞ்சளாகினால் அது வைரஸ்; வெள்ளை ஈதான் அதைப் பரப்புகிறது. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கவேண்டும். இலை தின்னும் பூச்சிக்கு வேப்பம் விதைப் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுக்க ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரக் கரைசல் கலந்து பின்னேரத்தில் தெளிக்கலாம். வேப்பமரம் இல்லாத வளவு எங்கள் ஊரில் குறைவு.

கோடையும் சோளகமும்

சித்திரைச் சிறுமழைக்குப் பிறகு வெயிலும் சோளகக் காற்றும் தொடங்கும். அப்போது பாத்திகளைக் கிணற்றடிக்குக் கிட்டக் கொண்டுவந்து சுருக்கிவிடுவோம். பசளி, பொன்னாங்காணி, வல்லாரை குளிக்கிற இடத்தின் ஈரத்தில் நன்றாக வரும். ஆனால் சவர்க்காரத் தூள் கலந்த உடுப்புத் தோய்த்த தண்ணீரை இலைக்கறிக்கு விடக்கூடாது. அது வாழைக்குப் போகட்டும். மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில், அடியில் சிறு துளையிட்ட பிளாஸ்ரிக் போத்தலைப் புதைத்து நீர் நிரப்பிவிட்டால் வேருக்கு மட்டும் சொட்டும். கன்றைச் சுற்றி வாழைச்சருகோ உமியோ போட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்தாலும் தாங்கும்.

இந்தச் சருகு விசயத்தில்தான் போதனாசிரியருக்கும் என் மாமியாருக்கும் முரண்பாடு வந்தது.

எங்கள் வீடுகளில் விடிய எழும்பி முற்றம் கூட்டி, சருகைக் குவித்து எரிப்பது வழக்கம். எரிக்கவேண்டாம், எல்லாம் பசளை என்று போதனாசிரியர் சொன்னார். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை, நாங்கள் சும்மா கூட்டேல்லை. ஷெல்லும் சுற்றிவளைப்புமா இருந்த காலத்தில முற்றம் வெளிச்சா இருந்தாத்தான் என்ன விழுந்து கிடக்குது, ஆர் வந்து போனது எண்டு விடியத் தெரியும்" என்றார். 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கிறீஸ் மனிதன் பயம் யாழ்ப்பாணம் முழுவதும் பரவிய நாட்களில், படலையடியில் நின்ற செம்பரத்தைப் பற்றையை வெட்டச் சொன்னவரும் மாமிதான். ஆண் துணையில்லாத வீட்டில் பச்சை அடர்ந்தால் இரவில் நித்திரை வராது. இது வெளியிலிருந்து வருபவர்களுக்குச் சட்டென்று விளங்காது.

போதனாசிரியர் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் வளவைச் சுற்றி நடந்தார். பிறகு ஈர்க்கால் நிலத்தில் கீறிக் காட்டினார். வீட்டு வாசலுக்கும் படலைக்கும் இடையில் கீரை, வெங்காயம், மிளகாய் போன்ற பதிந்த பயிர்கள் மட்டும். வீட்டுக்குள் நின்றே படலை தெரியவேண்டும். நடைபாதை சுத்தமாகக் கூட்டப்பட்டிருக்கும். உயர்ந்த வாழையும் முருங்கையும் மரவள்ளியும் பந்தல்களும் கோடிப்புறத்தில், தென்மேற்குப் பக்கம். சோளகம் அந்தப் பக்கத்தாலேயே வருவதால் மற்றப் பயிருக்கு அது காற்றுத்தடுப்பாகவும் இருக்கும். சருகு, கன்றுகளின் அடியில் மாத்திரம்.

கோடிக்குள் இன்னோர் இடம் இருந்தது. பங்கர் வெட்டி, பிறகு தூர்த்த இடம். அடிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மேலே வந்துவிட்டதால் அங்கு எதை நட்டாலும் மஞ்சளித்துப் போகும். அதைக் கூட்டெருக் குழியாக மாற்றச் சொன்னார். அந்த இடம் கிணற்றிலிருந்து தூரத்தில் இருப்பதும் நல்லதாகப் போயிற்று. இப்போது வீட்டுக் குப்பை, குழை, மாட்டெரு எல்லாம் அதற்குள்தான் உக்குகின்றன. மாமியும் மிஞ்சிய சருகை எரிக்காமல் அங்கே கொண்டுபோய்க் கொட்டத் தொடங்கினார்.

விதையும் தண்ணீரும்

மாமியிடம் இருந்து போதனாசிரியர் எடுத்துக்கொண்டதும் உண்டு. 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் யூரியா வராது, எரிபொருளும் அருமை. பலர் மீண்டும் துலாவில் இறைத்தார்கள். அந்தக் காலத்தில் எரு, குழை, சாம்பல் கொண்டு பயிர் செய்து பழகியவர் மாமி. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர் எடுத்துச் சென்ற பைக்குள் விதைப் போத்தல் ஒன்றும் இருந்தது. தென்மராட்சியில் தங்கிய வீட்டு வளவில் அதில் பாதியைப் போட்டார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அவர்களிடமிருந்தே புது விதை வாங்கிக்கொண்டு வந்தார். "விதையை ஒரு வீட்டில மட்டும் வைக்கக்கூடாது" என்பது மாமியின் சட்டம். போதனாசிரியர் அதையே எங்கள் சங்கத்தின் வழக்கமாக்கினார். ஒவ்வொருவரும் எடுக்கும் விதையில் பாதியை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கிறோம்.

நோயில்லாத நல்ல செடியில், நடுப்பருவத்துக் காயை முற்றவிட்டு, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து வைக்கலாம். ஆனால் பக்கற்றில் வாங்கும் கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. ஆகவே நாட்டு இனங்களிலேயே விதை எடுக்கவேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் நிலத்தில் இடுகிற பசளை மழையோடு இறங்கிக் கிணற்றுக்கே வந்து சேரும். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் அது கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது ஆபத்து. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நாங்கள் குடிக்கிற கிணற்றுக்குப் பக்கத்தில் யூரியா போடக்கூடாது, எருக்குழியும் வைக்கக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னது இதனால்தான்.

கணக்குப் பார்த்தால்

இந்தத் தோட்டத்தால் நான் பணக்காரி ஆகவில்லை. முதல் ஆண்டில் கிழமைக்கு ஆயிரம் ரூபா வரை போன மரக்கறிச் செலவு பாதியாகக் குறைந்தது. மிஞ்சிய கத்தரியும் முருங்கைக்காயும் அயலில் விற்றேன். 2020 டிசெம்பரில் புரெவிப் புயலோடு வந்த மழையில் ஆறு வாழையும் பப்பாசியும் சரிந்தன, பாத்திகளில் மூன்று நாள் வெள்ளம் நின்றது. அப்போதும் யாருக்கும் தவணை கட்டவேண்டியிருக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் கீரை விதை போட்டேன், நாலாம் கிழமை கறி இருந்தது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தபோது பெரிய தோட்டக்காரர்கள் தவித்தார்கள். நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்திய பிறகும் விலை எட்டாத உயரத்தில் நின்றது. 2022இல் நாடே பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. எங்கள் வீட்டில் சோறு குறைந்த நாட்கள் இருந்தன. மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் முருங்கையிலை வறையும் குறையவில்லை. இலைக்கறியோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் அது குறையும் என்று அவர் சொன்னதையும் கடைப்பிடித்தோம். என் மகளுக்கு அந்த வருடம் தலைச்சுற்று வரவில்லை.

சகோதரிகளே, புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்கள் பெரிய திட்டம் எதுவும் போடவேண்டாம். ஒரு முருங்கைக் கதியால், பத்துக் கத்தரிக் கன்று, ஒரு முழக் கீரைப் பாத்தி போதும். அதற்கு முன் நீங்கள் ஒரு பின்னேரத்தில் எத்தனை வாளி அள்ளுவீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிப் போதனாசிரியர் யார் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். அவர் வளவுக்கு வந்தால் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எந்த மாதம் கையில் காசில்லை, எந்தப் பக்கம் இருட்டாக இருந்தால் பயம், எந்த இடத்தில் பங்கர் இருந்தது என்பதெல்லாம் தோட்டம் போடத் தேவையான விபரங்கள்தான்.